குஞ்சைப் பழைய கோழிகளோடு விடும்போது வரும் சிக்கல்கள்: குறியைப் பார்த்துத் திருத்தும் வழி

வளவில் ஏற்கெனவே நிற்கிற கோழிகளுக்குள் புதுக் குஞ்சுகளை விடுகிற ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சிக்கல் வரத்தான் செய்கிறது. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் பின்வளவில் இப்போது 12 ஊர்க்கோழியும் ஒரு சேவலும் நிற்கின்றன. வருடத்தில் இரண்டு தரமாவது புதுக் குஞ்சு சேர்க்கிறேன். வருகிற சிக்கல்கள் அநேகமாக அதே ஏழெட்டுத்தான். அயலில் கோழி வளர்க்கிறவர்களும் அதே கேள்விகளோடுதான் படலையைத் தட்டுகிறார்கள். எந்தக் குறியைக் கண்டால் முதலில் எதைப் பார்ப்பது, எது காசில்லாமல் சரிவரும், எதற்கு மிருக வைத்தியரிடம் ஓடவேண்டும் என்று அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதுகிறேன். உங்கள் வளவில் தெரிகிற குறிக்கு நேரே போய் வாசியுங்கள்.

அதற்கு முன் வயதை மட்டும் சரிபாருங்கள். தாயில்லாமல் வளர்ந்த குஞ்சை 6 கிழமைக்கு முன் பெரிய கோழிகளின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. உடல் முழுக்க இறகு மூடியிருக்கவேண்டும். அதன் பிறகு கம்பிவலைக்கு இந்தப் பக்கம் குஞ்சு, அந்தப் பக்கம் கோழி என்று 10, 14 நாள் ஒன்றையொன்று பார்த்துப் பழகவேண்டும். 10 முதல் 12 கிழமையளவில், பெரிய பேட்டின் முக்கால்வாசி உருவம் வந்தபின் வலையைத் திறப்பதுதான் எங்களுக்குச் சரிவந்த வழி. சந்தையிலோ வேறொருவரிடமோ வாங்கின குஞ்சென்றால், வலைக்கு வருமுன் 3, 4 கிழமை வளவின் மற்ற மூலையில் தனியே நிற்கவேண்டும். 4 கிழமைக் குஞ்சை நேரே கூட்டுக்குள் விட்டிருந்தால் கீழே உள்ள எதையும் செய்துபார்க்க வேண்டாம். இன்றைக்கே பிரித்து எடுங்கள்.

## துரத்துகிறது, கொத்துகிறது; ரத்தம் இல்லை

கூடுதலானவர்கள் பயந்துபோய் வருவது இதற்குத்தான். பயப்படத் தேவையில்லாததும் இதுவே.

கதிரை ஒன்றைக் கொண்டுபோய், கோழிகள் உங்களைக் கவனிக்காத தூரத்தில் போட்டு 20 நிமிடம் இருந்து பாருங்கள். எங்கள் சாம்பல் பேடு புதுக் குஞ்சைக் கண்டால் செய்வது எப்போதும் ஒரே மாதிரி. கழுத்திறகைச் சிலிர்க்கும், இரண்டு எட்டு வைக்கும், குஞ்சின் பின்தலையில் ஒரே ஒரு கொத்து. குஞ்சு தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் விலகும். பேடு உடனே திரும்பி மண்ணைக் கிளறத் தொடங்கிவிடும். எல்லாம் இரண்டு மூன்று விநாடிக்குள். குஞ்சு தலையைத் தாழ்த்தியதோடு இரண்டுக்கும் இடையில் கணக்குத் தீர்ந்துவிட்டது. நீங்கள் கம்பை எடுத்துக்கொண்டு இடையில் புகுந்தால் அந்தக் கணக்குத் தீராமல் நாளைக்கும் இழுபடும்.

### துரத்திவிட்டு நின்றுவிடுகிறது என்றால்

ஒன்றும் செய்யவேண்டாம். முதல் 3 நாள் கடுமையாக இருக்கும், பிறகு குறையும், இரண்டு கிழமைக்குள் அடங்கும். நேற்றையைவிட இன்று குறைவா என்று மட்டும் பாருங்கள்.

### குஞ்சு ஓடியும் விடாமல் பின்னால் போகிறது என்றால்

முதலில் தீன் சட்டியைப் பாருங்கள். ஒரே சட்டி, ஒரே தண்ணீர்ப் பாத்திரம் என்றால் சண்டைக்கு வேறு காரணம் தேடவேண்டாம். இன்னும் இரண்டு சட்டி, இரண்டு தண்ணீர்ப் பேணி எடுத்து, ஒன்றில் நிற்கிற கோழிக்கு மற்றது தெரியாத இடங்களில் வையுங்கள். கிணற்றடியில் ஒன்று, வாழைக்கு அந்தப் பக்கம் ஒன்று, கூட்டுக்குப் பின்னால் ஒன்று. காசு செலவில்லை. எங்களிடம் வந்த சிக்கல்களில் பாதிக்கு மேல் இதோடேயே அடங்கியது.

அடுத்தது ஒளிய இடம். வெறும் தரையில் குஞ்சு எங்கே ஓடும்? பழைய கிடுகு இரண்டை மதிலில் சாய்த்து வையுங்கள். காய்ந்த பனைமட்டையைக் குவியுங்கள். உடைந்த கதிரையும் போதும். ஆனால் எந்த மறைவிடத்துக்கும் இரண்டு வாசல் இருக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்த பெட்டியையோ சரித்துப் போட்ட பரலையோ வைத்தால் குஞ்சு உள்ளே ஓடும், கோழி வாசலில் நின்றுகொண்டு கொத்தும், குஞ்சு தப்ப வழியிருக்காது. தலைத்தோல் கிழிந்த குஞ்சுகளை நான் பெரும்பாலும் இப்படியான மூலைகளிலிருந்துதான் எடுத்திருக்கிறேன்.

மூன்றாவது இடவசதி. படுக்கும் கூட்டுக்குள் கோழி ஒன்றுக்கு 4 சதுர அடி, வெளியில் 8 முதல் 10 சதுர அடி வேண்டும். 2 பரப்புக் காணியில் வீடும் கட்டி மிச்சத்தில் கோழி வளர்க்கிறவர்களுக்கு இது இலகுவில்லை என்பது தெரியும். அப்படியானவர்கள் பின்னேரம் 4 மணிக்குப் பழைய கோழிகளைத் திறந்து வளவில் மேயவிடுங்கள், அந்த நேரத்தில் குஞ்சுகள் கூட்டைச் சுற்றிப் பார்த்துப் பழகட்டும். இரண்டு, மூன்று நாள் இப்படிச் செய்தபின் எல்லாவற்றையும் சேர்த்துவிடலாம்.

ஒற்றைக் குஞ்சைத்தான் விட்டீர்களா? அதுவும் ஒரு காரணம். முழுக் கூட்டத்தின் கவனமும் அந்த ஒன்றின்மேல் விழும். மூன்று நான்கைச் சேர்த்து விடுங்கள். ஒன்றுதான் மிஞ்சியது என்றால், அதே உருவத்தில் இன்னொன்று கிடைக்கும்வரை வலைக்குள்ளேயே வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் ஒரு கோழி மட்டும் அடங்கவில்லையென்றால் அடுத்த பகுதியில் உள்ள ‘அடிக்கிற கோழியை எடுத்தல்’ என்பதற்குப் போங்கள்.

## ரத்தம் தெரிகிறது

இதற்குப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. சிவப்பைக் கண்டால் அதுவரை சாதுவாக நின்ற கோழியும் வந்து கொத்தும். பத்து நிமிடத்தில் ஒரு குஞ்சு முடிந்துபோகும்.

குஞ்சை உடனே எடுத்து ஒரு துணியால் மூடிப் பிடியுங்கள், வெளிச்சம் மறைந்தால் அது அமைதியாகும். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, அதால் காயத்தைக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் இறகை இழுக்காமல் ஓரத்தால் வெட்டிவிடுங்கள். காயத்துக்குத் தெளிக்கும் ஊதா நிற மருந்து ஒன்றை மிருக வைத்தியரிடம் கேட்டு முன்கூட்டியே வாங்கி வைத்தால் நல்லது. கிருமியைக் கொல்வதோடு சிவப்பையும் அது மறைக்கும். மஞ்சள் பூசினால் சிவப்பு மறையாது, காயம் இன்னும் எடுப்பாகத்தான் தெரியும்.

### தோல் மட்டும் கீறுப்பட்டிருந்தால்

காயம் காயும்வரை குஞ்சைக் கரப்பின் (கோழியை மூடிவைக்கும் கூடை) கீழ் வையுங்கள். அந்தக் கரப்பைக் குசினிக்குள்ளோ விறாந்தையிலோ கொண்டுபோய் வைக்கவேண்டாம். கோழிகள் மேய்கிற அதே இடத்தில், நிழலில், தண்ணீரோடு வையுங்கள். குஞ்சு அவற்றின் கண்ணிலேயே நிற்கவேண்டும். இரண்டு கல்லைக் கரப்பின்மேல் பாரமாக வைக்க மறக்கவேண்டாம்.

### தலைத்தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால், கண்ணில் அடிபட்டால், காயத்தில் புழு இருந்தால்

அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கோடையில் காயத்தை ஒரு பகல் திறந்து விட்டாலே இலையான் முட்டையிட்டுவிடும். வெள்ளை அரிசிக் குருணல் போல ஓரத்தில் ஒட்டியிருப்பது முட்டை. அது புழுவாகித் தோலுக்கடியில் போனால் வீட்டில் நின்று ஒன்றும் செய்ய முடியாது.

### அடிக்கிற கோழியை எடுத்தல்

இந்த விடயத்தில் நான் உறுதியாக நிற்கிறேன். அடிவாங்குகிற குஞ்சை எடுக்காதீர்கள், அடிக்கிற கோழியை எடுங்கள். சில வருடங்களுக்கு முன், மாரி தொடங்கிய நேரம், ஒரு கறுத்தக் குஞ்சைச் சாம்பல் பேடு விடாமல் கொத்தியது. “தம்பி, உந்தக் குஞ்சைக் கொண்டுவந்து உள்ளுக்கை வையுங்கோ, பாவம்” என்று பின்வளவு மாமி சொன்னா. நானும் இரக்கப்பட்டு ஒரு கிழமை வீட்டுக்குள் வைத்து, குருணல் போட்டு, தேற்றிக் கொண்டுபோய் விட்டேன். விட்ட அன்று சாம்பல் பேடு மட்டுமில்லை, எல்லாக் கோழியும் அதைத் துரத்தின. அதோடு ஒன்றாய் வளர்ந்த குஞ்சுகளும் சேர்ந்து துரத்தின. ஒரு கிழமை காணாத குஞ்சு அவற்றுக்குப் புதுக் குஞ்சுதான். இரண்டாம் நாள் காலமை அது கூட்டு மூலையில் செத்துக் கிடந்தது.

அடுத்த முறை பேட்டைப் பிடித்து, மற்றக் கோழிகள் கண்ணுக்குத் தெரியாத முன்வளவில், தண்ணீரும் தீனும் வைத்து 4 நாள் அடைத்தேன். அதற்குள் குஞ்சுகள் மற்றக் கோழிகளோடு இடம்பிடித்துவிட்டன. பேடு இருட்டினபின் திரும்பி வந்தது. விடிந்தால் அதுதான் கூட்டத்துக்குப் புதிது. முதல் நாள் இரண்டு கொத்து, பிறகு இல்லை.

4 நாள் போதாவிட்டால் இன்னொரு தரம், 7 நாள். அதற்கும் அடங்காத கோழி மிக அரிது. அப்படி ஒன்று இருந்தால் வேறொரு வளவுக்குக் கொடுத்துவிடுவதுதான் குஞ்சுகளுக்கு நல்லது.

### ஒன்றில்லை, எல்லாமே ஒன்றையொன்று கொத்துகின்றன என்றால்

சேர்த்ததால் வந்த சண்டையாக இது இருக்காது. வெறும் குருணலும் தவிடும் போட்டு வளர்க்கிற வீடுகளில் புரதம் போதாமல் இறகைப் பிடுங்கித் தின்னும். எள்ளுப் புண்ணாக்கு, அவித்த மீன் கழிவு, முருங்கையிலை, கறையான் எல்லாம் நல்லவை. உப்புக் கருவாடு போடவேண்டாம், உப்புக் கூடினால் குஞ்சு செத்துப்போகும். அடுத்து இரவில் ரோர்ச் அடித்துப் படுக்கும் தடியின் கீழ்ப்பக்கத்தையும் பொருத்துகளையும் பாருங்கள். ரத்தம் குடித்துச் சிவந்த செள்ளு பகலில் அங்கே ஒளிந்திருந்து இரவில் வெளியே வரும். கூட்டைக் கழுவி வெயிலில் காயவிட்டு, சாம்பலும் உலர்ந்த மணலும் கலந்து ஒரு குழியில் போட்டுவிடுங்கள், கோழி தானாகப் புரளும். குறையாவிட்டால் செள்ளுக்கு மருந்து மிருக வைத்தியரிடம்தான் வாங்கவேண்டும். கடையில் பயிருக்கு விற்கிற மருந்தைக் கோழியில் அடிக்கவேண்டாம்.

## குஞ்சு ஒதுங்கி நிற்கிறது, மெலிகிறது

சண்டை அடங்கிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது சத்தமில்லாமல் வருகிற சிக்கல் இது. காயம் இருக்காது. குஞ்சு பட்டினியில் நிற்கும்.

பொழுதுபட்டுக் கூட்டுக்குள் ஏறினபின் குஞ்சை எடுத்து, கழுத்தடியில், நெஞ்சுக்கு மேலே சற்று வலப்பக்கமாக விரலால் தடவிப் பாருங்கள். தீன் தின்ற குஞ்சென்றால் இரைப்பை சின்னத் தேசிக்காய் அளவில் மெத்தென்று கையில் படும். ஒன்றும் படவில்லை, நெஞ்செலும்பு மட்டும் கத்தி மாதிரிக் குத்துகிறது என்றால் அது பகல் முழுக்கத் தின்னவில்லை.

### இரைப்பை வெறுமை, குஞ்சு சுறுசுறுப்பு

தீனுக்குக் கிட்டப்போக விடவில்லை என்றுதான் அர்த்தம். மேலே சொன்னபடி சட்டிகளைப் பிரித்து வையுங்கள். அதோடு குஞ்சு மட்டும் நுழையும் அடைப்பு ஒன்று செய்யுங்கள். நான் பனைமட்டையைக் கீறிக் குத்தாக நட்டு, ஒரு சதுர அடைப்பாகச் செய்தேன். இரண்டு மட்டைக்கு இடையில் 3 இஞ்சி. குஞ்சு உடலைச் சரித்து உள்ளே போகும், பேடு தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். சட்டியை நடுவில், பேட்டின் கழுத்துக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். குஞ்சு வளர வளர ஒரு மட்டையைப் பிடுங்கி இடைவெளியைக் கூட்டலாம்.

எந்தத் தீன் போடுவது என்று கேட்பார்கள். முட்டைக்கோழித் தீனில் கல்சியம் கூட, குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். குஞ்சும் கோழியும் கலந்து நிற்கிற காலத்தில் எல்லாவற்றுக்கும் வளரும் கோழிக்கான குரோவர் தீனையே போட்டு, முட்டையிடுகிற பேடுகளுக்கு மட்டும் இடித்த சிப்பி ஓட்டைத் தனிச் சட்டியில் வையுங்கள். கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் பொறுக்கிக் கொண்டுவந்து இடித்தாலே போதும். தேவையான பேடு தானாகத் தின்னும், குஞ்சு அதைப் பெரிதாகத் தொடாது.

### இரைப்பை வெறுமை, குஞ்சு சோர்வு

தண்ணீரைப் பாருங்கள். கோடையில் மத்தியானம் பாத்திரம் வெயிலில் இருந்தால் தண்ணீர் சுடும், குஞ்சு குடிக்காது. நிழலுக்கு மாற்றிக் காலமையும் மத்தியானமும் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஆழமான பாத்திரமென்றால் உள்ளே நாலைந்து கூழாங்கல் போடுங்கள். அப்படியும் ஒரு நாளைக்குள் தேறாவிட்டால் கீழே ‘குறண்டி நிற்கிறது’ பகுதிக்குப் போங்கள்.

### விடியவும் இரைப்பை நிறைந்து கல் மாதிரி இருக்கிறது

இரவு தின்றது காலமைக்குள் இறங்கியிருக்கவேண்டும். நீளப் புல்லோ சணல் நூலோ அடைத்திருக்கும். இரைப்பையை அமத்திக் குஞ்சின் வாய்வழியாக வெளியே எடுக்க முயலவேண்டாம், மூச்சுக்குழாயில் போய்விடும். வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

### நன்றாகத் தின்கிறது, ஆனாலும் மெலிகிறது

வயிற்றுப் பூச்சி. பழைய கோழிகள் மேய்ந்த மண்ணிலிருந்துதான் குஞ்சுக்கு வரும். மலத்தை வைத்தியரிடம் காட்டிப் பூச்சி மருந்து வாங்கி, குஞ்சு, கோழி எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் கொடுக்கவேண்டும்.

## பொழுதுபட்டால் கூட்டுக்குள் வராமல் வேலியில், மரத்தில் ஏறுகிறது

ஊர்க்கோழிக்கு மரத்தில் படுப்பது இயல்பு என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. மரநாய் திரிகிற ஊரில் அது குஞ்சைக் கையால் எடுத்துக் கொடுக்கிற மாதிரி.

மாலை 6 மணிக்குக் கூட்டடியில் நின்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு பேடு வாசலில் அல்லது வாசலுக்கு நேரே உள்ள தடியில் இருந்துகொண்டு, ஏறிவருகிற ஒவ்வொரு குஞ்சையும் கொத்திக்கொண்டிருக்கும். குஞ்சு இரண்டு தரம் முயன்றுவிட்டு முருங்கைக்குப் போய்விடும்.

பழைய கோழிகள் படுக்கும் தடிக்கு ஒரு அடி கீழே, மற்றப் பக்கமாக, குஞ்சுகளுக்கு வேறொரு தடி கட்டுங்கள். கோழிக்கு 8 இஞ்சி கணக்கில் இடம் விடுங்கள். முடிந்தால் கூட்டின் பின்பக்கத்தில் இரண்டாவது வாசல் வெட்டுங்கள். பிறகு இருட்டினபின் குஞ்சுகளைக் கையால் எடுத்துக்கொண்டுவந்து அந்தத் தடியில் இருத்துங்கள். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, சண்டை வராது. 5 தொடக்கம் 7 இரவு விடாமல் செய்தால் எட்டாம் நாள் தாங்களாகவே ஏறும்.

இரவில் வைத்துவிட்டு விடிய 8 மணிக்குக் கூட்டைத் திறக்கிறவர்கள்தான் அடிவாங்கின குஞ்சோடு வருகிறார்கள். இரவு நடப்பதில்லை, விடியற்காலையில் நடக்கிறது. வெளிச்சம் வந்து அடைபட்ட கூட்டுக்குள் கோழிகள் விழித்திருக்கிற அந்த ஒரு மணித்தியாலத்தில் குஞ்சுக்கு ஓட இடமில்லை. முதல் கிழமையாவது 5.30க்கு எழும்பிக் கூட்டைத் திறந்துவிடுங்கள்.

## தாய்க்கோழி குஞ்சைக் கொத்துகிறது

குஞ்சுக்கு 6 முதல் 8 கிழமை என்றால் தாய் கொத்திக் கலைக்கிற காலம் அது. அந்தப் பேடு மறுபடி முட்டைக்குத் தயாராகிறது. குஞ்சுகள் தாயோடு திரிந்தே மற்றக் கோழிகளுக்குப் பழகியிருக்கும், பெரிய சிக்கல் வராது. தாய் வளர்த்த குஞ்சைச் சேர்ப்பது தனியே வளர்த்த குஞ்சைச் சேர்ப்பதைவிட மிகவும் இலகு.

இரண்டு, மூன்று கிழமையிலேயே கொத்தினால், கொத்துப்படுவது அதன் சொந்தக் குஞ்சா என்று பாருங்கள். இன்குபேட்டர் குஞ்சைத் தாய்க்குக் கீழே வைக்கிறதென்றால் பொரித்து இரண்டு, மூன்று நாளுக்குள், இரவில், அதன் சொந்தக் குஞ்சுகளும் அதே வயதாக இருக்கும்போது வைக்கவேண்டும். ஒரு கிழமை கழித்து வைத்தால் தாய் அடையாளம் கண்டு கொத்தும். அப்படிக் கொத்துப்படும் குஞ்சைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்கவேண்டாம், மின்குமிழ் வெளிச்சத்தின் கீழ் தனியே வளருங்கள்.

மற்றப் பேடுகள் சின்னக் குஞ்சைக் கொத்துகின்றன, தாயும் காப்பாற்ற முடியவில்லை என்றால், தாயையும் குஞ்சையும் முதல் இரண்டு கிழமை கம்பிவலைக்குள் வையுங்கள்.

சேவலைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். வளர்ந்த சேவல் குஞ்சை அடிப்பது குறைவு. குஞ்சுக் கூட்டத்துக்குள் வளர்கிற சேவல்கள்தான் 3, 4 மாதத்தில் கூவத் தொடங்கி மோதும். அவற்றைப் பிரிக்கவோ விற்கவோ நேரம் வந்துவிட்டது.

## குஞ்சு காணாமல் போகிறது

பகலில் போனால் காகம், பருந்து, கீரி. இரவில் போனால் மரநாய், பூனை. இறகுகூட இல்லாமல் ஒன்றொன்றாகக் குறைந்தால் பாம்பு. கூட்டின் கூரை ஓரத்தையும் அடியையும் பாருங்கள், அரை இஞ்சிக் கண் உள்ள கம்பிவலை போட்டு அடிப்பக்கத்தை ஒரு அடி மண்ணுக்குள் புதையுங்கள். ஒரு இஞ்சிக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்குமே தவிர எலியையும் பாம்பையும் மறிக்காது. காகத்துக்குக் குருநகர்ப் பக்கம் மீனவர்களிடம் பழைய வலை வாங்கி மேலே கட்டினோம். பிறகு காகத் தொல்லை இல்லை.

## குறண்டி நிற்கிறது, கழிச்சல், தும்மல்

இறகைச் சிலிர்த்து, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற குஞ்சைக் கண்டால் ‘மற்றக் கோழி அடிச்சுப்போட்டுது’ என்று நினைக்கவேண்டாம். முதலில் மற்றவற்றிடமிருந்து பிரியுங்கள், பிறகு மலத்தைப் பாருங்கள்.

### மலத்தில் ரத்தம்

இரத்தக் கழிச்சல். 3 முதல் 8 கிழமைக் குஞ்சுகளைத்தான் கூட வாட்டும், மாரியில் நிலம் ஈரமாகக் கிடக்கும்போது கூடுதல். பழைய கோழிகள் இதைத் தாண்டி வந்தவை, அவற்றில் குறி ஒன்றும் தெரியாது. ஆனால் அவற்றின் மலத்திலிருந்து குஞ்சுக்கு வரும். சேர்த்து ஒரு கிழமைக்குள் குஞ்சு மட்டும் விழுந்தால் முதலில் நினைக்கவேண்டியது இதுதான்.

அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போய் அம்ப்ரோலியம் போன்ற மருந்து வாங்குங்கள். பிந்தினால் இரண்டு நாளில் குஞ்சு போய்விடும். மருந்தைக் கலந்த தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் வைக்கவேண்டாம். நனைந்த உமியை அள்ளி எறிந்துவிட்டுப் புது உமி போடுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கல்லின்மேல் உயர்த்தி வைத்தால் மலம் விழாது, சுற்றிலும் ஈரமாகாது. மருந்து கொடுக்கிற காலத்தில் பேடுகளின் முட்டையைத் தின்னலாமா என்பதையும் வைத்தியரிடம் கேட்டு வாருங்கள்.

### தும்மல், கண்ணில் நுரை, முகம் வீக்கம்

மூச்சுக்குழாய் நோய். வாங்கிக் கொண்டுவந்த குஞ்சில்தான் கூடுதலாகப் பார்த்திருக்கிறேன். நன்றாகத் தேறின மாதிரித் தெரிந்தாலும் சில நோய்கள் உள்ளே இருந்துகொண்டு மற்றக் கோழிக்குப் பரவும். வைத்தியர் பார்க்குமுன் சேர்க்கவே கூடாது. தனியே நிற்கும் காலத்தில் முதலில் உங்கள் பழைய கோழிகளுக்குத் தீன் போடுங்கள், பிறகு புதுக் குஞ்சுக்கு. செருப்பும் வாளியும் வேறாக இருக்கட்டும், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

### கொண்டையிலும் கண்ணோரத்திலும் பொருக்கு

கோழி அம்மை. நுளம்பால் பரவுகிறது, மழைக்குப் பிறகு கூடும். பொருக்கை உரிக்கவேண்டாம். கண்ணை மூடிவிட்டால் தீன் தெரியாது, கையால் ஊட்டவேண்டிவரும். வாய்க்குள்ளும் வெள்ளையாகப் படிந்திருந்தால் வைத்தியரிடம் போங்கள். நுளம்பு பெருகும் சிரட்டை, பழைய ரயர் எல்லாவற்றையும் கவிழ்த்து வையுங்கள்.

### ஒரு கால் முன்னுக்கும் ஒரு கால் பின்னுக்கும் நீட்டிக்கொண்டு விழுகிறது

மாரெக்ஸ் நோயாக இருக்கலாம். வந்தபின் மருந்தில்லை. பொரித்த முதல் நாளில் போடுகிற தடுப்பூசிதான் காப்பு. குஞ்சு வாங்கும்போது அது போட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

### கழுத்துத் திருகுகிறது, பச்சைக் கழிச்சல், ஒரே நாளில் இரண்டு மூன்று சாகின்றன

ராணிக்கெட் நோயாக இருக்கலாம். இதில் வீட்டு வைத்தியம் எதுவும் இல்லை. செத்த கோழியைத் தூக்கி ஒழுங்கையிலோ பற்றைக்குள்ளோ எறியவேண்டாம், மிச்சக் கோழியை அவசரப்பட்டு விற்கவும் வேண்டாம். அயல் முழுக்கப் பரவும். உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள். அவர்கள் பார்த்தபின் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். ராணிக்கெட்டுக்குத் தடுப்பு மருந்து உண்டு. குஞ்சுகளுக்கு எத்தனையாம் நாள், எப்படிப் போடுவது என்று அங்கேயே கேட்டுப் போட்டுவிட்டால் சேர்க்கும்போது இந்தப் பயம் குறையும்.

## பழைய பேடுகள் முட்டையை நிறுத்திவிட்டன

ஒன்று, இரண்டு கிழமைக்கு இது வழமை. முதலில் வேலியடியையும் விறகு அடுக்கையும் தேடுங்கள், கூட்டில் சந்தடி கூடினதால் ஒளித்து இட்டிருக்கும். இறகு கொட்டுகிறதா, அடைக்கு இருக்கப் பார்க்கிறதா என்றும் பாருங்கள். மூன்று கிழமை தாண்டியும் வராமல், பேடு மெலிந்தோ சோர்ந்தோ இருந்தால் மட்டும் வைத்தியரிடம் காட்டலாம்.

## வைத்தியரிடம் போகும்போது

நோயுள்ள குஞ்சைக் காற்றுப் போகும் பெட்டியில், மற்றவரின் கோழிகளோடு முட்டாமல் கொண்டுபோங்கள். அன்று காலை போன மலத்தைச் சுத்தமான சின்னப் போத்தலில் எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சு செத்துவிட்டதென்றால் இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி, ஐஸ் கட்டியோடு, அன்றைக்கே கொண்டுபோங்கள். உறையவைத்தால் உறுப்புகளை வெட்டிப் பார்த்தாலும் சரியாகத் தெரியாது. வயது எத்தனை கிழமை, எங்கே வாங்கியது, எந்தத் திகதியில் சேர்த்தது, எந்தத் தடுப்பு மருந்து எப்போது போட்டது, இதுவரை எத்தனை செத்தது என்பதுதான் அவர் முதலில் கேட்பவை. நான் இவற்றைக் கோழிக் கொட்டிலில் தொங்குகிற கலண்டரில், அந்தந்தத் திகதிக்கு நேரே பென்சிலால் எழுதி வைக்கிறேன். போகும்போது அந்த மாதத் தாளைப் படம் எடுத்துக்கொண்டு போவேன்.